வெயிலில் சூடாகும் குளியல் குழாய்: கேள்வி பதில்

பள்ளி விடுமுறை நெருங்கினால் மலேசியாவின் பந்திங் வட்டாரத்துத் தோட்டக் குடும்பங்கள் மோரிப் கடற்கரைக்குப் புறப்படுகின்றன. உப்பு நீரில் ஆடிய பிள்ளைகளை வெதுவெதுப்பான நன்னீரில் குளிப்பாட்ட, வெயிலில் சூடாகும் குழாயை வீட்டிலேயே செய்வது பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். தோட்டப் பட்டறையில் நெடுங்காலம் குழாய் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கார் கூரையில் பொருத்தும் குழாயை எப்படிச் செய்வது, ஐயா? எவ்வளவு நேரத்தில் நீர் சூடாகும்?

4 அங்குல பி.வி.சி. குழாய் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 8 லிட்டர் நீர் கொள்ளும். ஆகவே 8 அடிக் குழாயில் சுமார் 20 லிட்டர் பிடிக்கும். குழாய்க்கு மின்னாத கறுப்புச் சாயம் பூசுங்கள். ஒரு முனையை ஒட்டி மூடிவிட்டு, மறுமுனையில் திருகிக் கழற்றும் மூடியைப் பொருத்துங்கள்; உட்புறத்தைக் கழுவ அந்த வழி தேவை. பசையை ஒரு நாள் முழுவதும் காயவிட்டு, வாடை போகும்வரை அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

பலர் மறப்பது காற்றுத் துளையை. மேற்புறத்தில் சிறிய திறப்பு இல்லாவிட்டால், நீர் இறங்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றுவிடும். நீர் சூடாகும்போது விரிவதாலும் அந்தத் திறப்பு அவசியம். விளிம்புவரை நிரப்பி இறுக மூடிய குழாய், யாரும் காற்றடிக்காமலேயே ஒட்டு விட்டுப்போகக்கூடும்.

20 லிட்டர் நீரை 27 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 0.3 கிலோவாட் மணி ஆற்றல் போதும். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் தருகிறது. இந்தக் குழாய் வெயிலுக்குக் காட்டும் பரப்போ கால் சதுர மீட்டர்தான். அதில் பாதி வீணானாலும் இரண்டரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஓடும் காரில் எதிர்காற்று குழாயைக் குளிர்விப்பதால், பயண நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல், காரை வெயிலில் நிறுத்திய பிறகு நேரத்தை எண்ணுங்கள். 20 லிட்டர் என்றால் 20 கிலோ. உங்கள் கார் கூரை தாங்கும் எடையைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டு வெப்பத்தில் வெந்நீர் எதற்கு?

மாலைக் காற்றிலும் மழைக்குப் பிறகும் ஈர உடம்போடு நடுங்கும் பிள்ளையையும், மூட்டுவலிக்காரப் பாட்டியையும் கேட்டுப் பாருங்கள், தம்பி.

நீர் மெதுவாகத்தான் வருகிறது. டயர் வால்வு ஒன்றைப் பொருத்திக் காற்றடித்தால் வேகமாக வருமே?

வரும், ஆனால் அதைச் செய்யவே கூடாது. வீட்டுக் கழிவுநீர்க் குழாய் அழுத்தம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. அழுத்தக் குழாயாகவே இருந்தாலும், அதன்மேல் அச்சிட்டிருக்கும் அளவு சாதாரண வெப்பநிலைக்கு உரியது. 60 டிகிரியில் பி.வி.சி.யின் தாங்குதிறன் கால்பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நாமோ அதை வேண்டுமென்றே வெயிலில் போட்டுச் சூடாக்குகிறோம். அழுத்தப்பட்ட நீர் ஒரு விரிசல் கிடைத்தால் பீறிட்டு அடங்கிவிடும். அழுத்தப்பட்ட காற்று அப்படியன்று. அது விரிந்துகொண்டே போய், உடைந்த பிளாஸ்டிக்கைக் கூரிய சில்லுகளாகச் சுற்றிலும் எறியும்.

வேகம் வேண்டுமானால் உயரத்தைக் கூட்டுங்கள், அல்லது குளிப்பவரை முக்காலியில் உட்கார வையுங்கள். வீட்டுக் குளியலறை ஷவர் தலையின் நுண்ணிய துளைகளுக்கு அழுத்தம் தேவைப்படும். செடிக்கு ஊற்றும் பூவாளியின் தலையைப் பொருத்தினால் குறைந்த உயரத்திலும் நீர் நன்றாகக் கொட்டும்.

30 பி.எஸ்.ஐ. (டயர் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) மட்டும் அடித்தால்? கார் டயரிலேயே அவ்வளவு இருக்கிறதே.

டயர் அதற்காகவே கட்டப்பட்டது. 4 அங்குலக் குழாயின் மூடியை 30 பி.எஸ்.ஐ. ஏறத்தாழ 170 கிலோ எடைக்கு நிகரான விசையோடு வெளியே தள்ளும். அந்த மூடிக்கு எதிரில் உங்கள் பிள்ளை நிற்கும். வேண்டாம்.

சாம்பல் நிறக் குழாய்க்கும் சாயம் அடிக்க வேண்டுமா?

அடியுங்கள், வெயிலைக் கறுப்பு அதிகம் உறிஞ்சும்.

எங்கள் வீட்டில் செம்பனைக்கு மருந்தடித்த பழைய முதுகுத் தோம்பு (முதுகில் சுமக்கும் தெளிப்பான்) இருக்கிறது. கைப்பம்பும் குழலும் சேர்ந்தே இருப்பதால் அதில் நீர் நிரப்பி வெயிலில் வைக்கலாமா?

கூடாது. களைக்கொல்லி நிரப்பிய தோம்பு மனித உடம்புக்கான நீரை ஒருபோதும் தொடக்கூடாது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி மருந்துக்கு நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை வந்துவிட்டாலும், தடைக்கு முன் அதைச் சுமந்த தோம்புகள் இன்னும் பல வீடுகளின் பின்கட்டில் கிடக்கின்றன. அந்த நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. காயம்பட்ட தோல் வழியாகவும் அது உடலுக்குள் போகும். குளிக்கும் பிள்ளைகள் நீரை வாயில் பிடித்துக் கொப்பளிப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அதே வாசகர்: மூன்று முறை சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். மருந்து டப்பாவிலேயே மூன்று முறை அலசச் சொல்லியிருக்கிறதே, ஐயா?

அந்த அறிவுரையை முழுவதும் படியுங்கள். மும்முறை அலசுவது, காலி டப்பாவை ஓட்டையிட்டு முறையாக அப்புறப்படுத்துவதற்காக. வீட்டுப் பயன்பாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவதற்காக அன்று. பம்பின் தோல்வளையத்திலும் குழலின் உட்சுவரிலும் வடிகட்டியிலும் தங்கிய மருந்தைச் சவர்க்காரம் முழுவதும் எடுத்துவிட்டதா என்பதைக் கண்ணாலோ மூக்காலோ அறிய முடியாது.

ஜெஞ்சாரோம் வாசகி: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஐயா. எல்லோரிடமும் புதிது வாங்கப் பணம் இல்லையே?

உண்மைதான், அம்மா, தோட்டத்து வருமானம் எனக்குத் தெரியாததன்று. பணம் இல்லாதவர் ஐந்து லிட்டர் குடிநீர்ப் போத்தல்கள் நான்கைக் கறுப்புத் துணியால் சுற்றி வெயிலில் வைத்து, மூடியில் துளையிட்டுக் கவிழ்த்துப் பிடிக்கலாம். செலவு அநேகமாக இல்லை. பணம் உள்ளவர் புதிய தெளிப்பானை வாங்கி, குளிப்பதற்கு மட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி, மருந்துக் கொட்டகைக்கு அருகிலேயே போகாமல் வைத்துக்கொள்ளலாம். அதன் கையேட்டில் குறித்த நீர் வெப்ப வரம்பை மீறாதீர்கள். வெயிலில் வைக்கும்போது அழுத்தத்தை விடுவித்துவிடுங்கள். பழைய மருந்துத் தோம்பைப் பற்றிய பேச்சை இத்துடன் நிறுத்திக்கொள்வோம். யார் கேட்டாலும் என் பதில் மாறாது.

கைக்குழந்தையைக் குழாயடியில் நேராகப் பிடிக்கலாமா?

பிடிக்காதீர்கள், தங்கச்சி. நல்ல வெயிலில், சிறிய கொள்ளளவுள்ள குழாயில் நீர் 50 டிகிரியைத் தாண்டிவிடலாம். 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலைச் சுட்டுவிடும். முதலில் வாளியில் பிடித்து, குளிர்ந்த நீர் கலந்து, வெப்பமானியில் 37 அல்லது 38 டிகிரி காட்டிய பிறகு குளிப்பாட்டுங்கள்.

ஆற்று நீரை நிரப்பலாமா?

வீட்டுக் குழாய் நீரையே கொண்டுபோங்கள். எலிச் சிறுநீர் கலந்த நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம்; வெயில் தரும் வெதுவெதுப்பு அதைக் கொல்லும் என்று நம்ப முடியாது.

கேமரன் மலையில் முகாமிட்டால் இது வேலை செய்யுமா?

செய்யும், ஆனால் தடித்த குழாயை நம்பாதீர்கள். தானா ராத்தா 1,400 மீட்டர் உயரத்துக்கு மேல் இருப்பதால், குளிர்ந்த காற்று சூட்டைப் பறித்துக்கொண்டே இருக்கும். 25 மில்லிமீட்டர் கறுப்புப் பாலிதீன் குழாயை 50 மீட்டர் வாங்கித் தட்டையாகச் சுருட்டுங்கள். சுமார் 16 லிட்டர் பிடிப்பதோடு, வெயிலுக்குக் காட்டும் பரப்பும் நான்கு மடங்குக்கு மேல் கூடுகிறது. மேலே தெளிந்த பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக் காற்றைத் தடுங்கள். பிற்பகலில் மேகம் கவியும் முன்பே சூடான நீரை ஐஸ் பெட்டியில் வடித்து மூடிவிட்டால், இருட்டும்வரை சூடு நிற்கும். குளிரைக் காக்கும் பெட்டி சூட்டையும் காக்கும்.

வீட்டு மின்சார ஹீட்டரில் நீர் சூடாவதில்லை, என்ன கோளாறு?

உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

சைக்கிள் பம்பால் கொஞ்சமாகக் காற்றடிக்கலாமா?

மேலே இருமுறை எழுதிவிட்டேன். கூடாது.

மிச்ச நீரை அடுத்த வாரப் பயணத்துக்கு வைத்திருக்கலாமா?

வைக்காதீர்கள். 25 முதல் 45 டிகிரிவரை தேங்கி நிற்கும் நீரில் லெஜியோனெல்லா கிருமி பெருகும். அது குடிப்பதால் அன்று, தூவலாகச் சிதறும் நீரை மூச்சில் இழுப்பதால் நுரையீரலைத் தாக்குகிறது. வீடு திரும்பிய அன்றே மூடியைக் கழற்றி நீரை வடித்துவிட்டு, இரு திறப்புகளையும் திறந்தபடி நிழலில் காயவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு முன் ஒருமுறை அலசிவிட்டுப் புதுநீர் நிரப்புங்கள்.