மைக்கைப் பார்த்தாலே விலகிப் போகிறார்கள்

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் வேலூரில் யூடியூப் சேனல் நடத்துகிறோம். தெருவில் மக்களிடம் கருத்துக் கேட்பதுதான் எங்கள் நிகழ்ச்சி. புதிய பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேர் மைக்கைப் பார்த்ததுமே விலகிவிடுகிறார்கள். பேசுகிறவர்களின் குரலும் ஹாரன் சத்தத்தில் மூழ்கிப்போகிறது. போன வாரம் ஒரு அக்கா தங்கள் தெருவில் குடிநீர் வராததைப் பற்றிப் பேசினார். வீடியோ போட்ட மறுநாள் யாரோ அவர் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டார்களாம். எடுத்துவிடச் சொல்கிறார். எங்கள் சேனலில் அதிகம் பேர் பார்த்தது அதுதான். என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், காட்பாடி.

பதில்: முதலில் அந்த அக்காவைக் கவனியுங்கள். வீடியோவை இப்போதே 'பிரைவேட்' ஆக்குங்கள். முழுவதும் அழிக்க வேண்டியதில்லை. யூடியூப் ஸ்டுடியோ எடிட்டரில் அவர் பேசும் பகுதியை மட்டும் வெட்டிச் சேமிக்கலாம். வீடியோவின் லிங்க் மாறாது, பார்வை எண்ணிக்கையும் போகாது. வெட்டியது நடைமுறைக்கு வரச் சில மணி நேரம் ஆகலாம், அதுவரை திறக்காதீர்கள். தம்ப்நெயிலில் அவர் முகம் இருக்கிறதா? அதிலிருந்து வெட்டிப் போட்ட ஷார்ட்ஸ், ரீல், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்? பெரும்பாலும் இவைதான் மறந்துபோகும். முகத்தை மட்டும் மங்கலாக்கி ஒப்பேற்றலாம் என்று நினைக்காதீர்கள். சொந்தத் தெருக்காரர்களுக்குக் குரலும் சேலையும் வாசல் கதவும் போதும், ஆளைச் சொல்லிவிடுவார்கள். வேலை முடிந்ததும் அவருக்கு போன் செய்து என்ன எடுத்தீர்கள், எது மிச்சமிருக்கிறது என்று சொல்லுங்கள்.

இனி இப்படி நடக்காமலிருக்க, சம்மதத்தை இரண்டு முறை கேளுங்கள். பேசுவதற்கு முன் சேனல் பெயர், தலைப்பு, எங்கே வெளியாகும் என்பதைச் சொல்லிக் கேட்பது ஒன்று. பேசி முடித்தபின், கேமரா ஓடும்போதே, "நீங்க சொன்னதை இப்படியே போடலாமா? முகம் தெரியலாமா?" என்று கேட்பது இன்னொன்று. இரண்டாவதுதான் முக்கியம். பேச ஆரம்பிக்கும்போது தான் என்ன சொல்லப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது. சேனலின் போன் நம்பர் அச்சடித்த துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்து, 48 மணி நேரத்துக்குள் வேண்டாம் என்றால் போட மாட்டோம் என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் வீடியோ இரண்டு நாள் தாமதமாகும், ஆகட்டும். முகம் வேண்டாம் என்பவரை முதலிலேயே கைகளையோ முதுகையோ காட்டி எடுங்கள். குரலின் சுருதியை மட்டும் மாற்றினால் அதைத் திரும்பப் பழையபடி ஆக்கிவிட முடியும். அவர் சொன்னதை வேறொருவர் வாசித்துப் பதிவு செய்வதே பாதுகாப்பு.

மக்கள் ஏன் விலகுகிறார்கள்? மூன்று பேர், மைக், கேமரா என்று எதிரே வந்து நின்றால் யாரும் மிரளத்தான் செய்வார்கள். ஒருவர் மட்டும், மைக்கைத் தாழ்த்திப் பிடித்தபடி போய்ப் பேசுங்கள். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பலகையைப் பார்ப்பவரை நிறுத்தாதீர்கள்; உட்கார்ந்து காத்திருப்பவரிடம் போங்கள். நேதாஜி மார்க்கெட்டில் வியாபாரம் மும்முரமாக நடக்கும் காலை நேரத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், மதியம் கூட்டம் அடங்கியபின் பேசுவார்கள். உருது, தெலுங்கு பேசுகிறவர்களை அவரவர் மொழியிலேயே பேசவிட்டுக் கீழே தமிழ் எழுத்துப் போடுங்கள். தடுமாறும் தமிழில் இரண்டு வாக்கியம் வாங்குவதைவிட அதில் விஷயம் அதிகம் கிடைக்கும்.

சத்தத்துக்கு வருவோம். பஸ் ஸ்டாண்டில் சட்டையில் குத்தும் வயர்லெஸ் மைக் தவறான கருவி. மலிவான வயர்லெஸ் மைக்குகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. சுற்றிலும் உள்ள வைஃபை, புளூடூத் எல்லாம் அதே அலைவரிசை. நடுவில் ஒரு ஆள் உடம்பு வந்தாலே சிக்னல் அறுபடும். மேடைப் பாடகர்கள் பிடிப்பது போன்ற, கையில் பிடிக்கும் டைனமிக் மைக்கை வயரோடு பயன்படுத்துங்கள். வாயிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர், மோவாய்க்குக் கீழே, லேசாகச் சாய்த்து. தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், பின்னணிச் சத்தம் அப்படியே இருக்கும். எந்த எடிட்டிங் செயலியும் இதற்கு ஈடாகாது. பதிவு அளவுமானியில் குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும்.

இன்னொரு பொறி: 3.5 மி.மீ. பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் அது கேமராவுக்கானது, மூன்று இருந்தால் போனுக்கானது. இரண்டு வளைய மைக்கை அடாப்டர் இல்லாமல் போனில் சொருகினால், போன் ஒன்றும் சொல்லாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்யும். வீட்டுக்கு வந்தபின்தான் தெரியும். ஒவ்வொரு இடத்திலும் பத்து நொடி பதிவு செய்து, மைக்கின் பஞ்சை நகத்தால் சுரண்டி, ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். டீக்கடையில் சினிமாப் பாட்டு ஓடினால் வேறு இடத்துக்கு நகருங்கள். பாட்டுகளைத் தானே கண்டுபிடிக்கும் யூடியூப்பின் கன்டென்ட் ஐடி மூலம் அந்தப் பாட்டுக்கு உரிமை கோரப்படலாம். நடுவில் வெட்டினால் பாட்டும் துண்டு துண்டாக எகிறும்.

படத்துக்குப் பெரிதாக எதுவும் வேண்டாம்: நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இரவில் கடை விளக்குகள் சிமிட்டாது. வேலூர் வெயில் வேறு கதை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும்; ஐபோனுக்கு 35 டிகிரிதான் வரம்பு என்று அதைத் தயாரிப்பவர்களே சொல்கிறார்கள். உறையைக் கழற்றுங்கள், ஏரோபிளேன் மோடில் போடுங்கள், பவர்பேங்க் சொருகியபடி எடுக்காதீர்கள். சூடேறினால் நிழலில் ஆறவிடுங்கள். ஃபிரிட்ஜிலோ ஐஸ் மேலோ வைத்தால் உள்ளே ஈரம் கோத்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கேள்வி சரியில்லை என்றால் வீண். "ஆட்சி எப்படி இருக்கு?" என்று கேட்டால் கட்சிக்காரர் பேச்சுதான் கிடைக்கும். "கடைசியா என்னைக்குத் தண்ணி வந்துச்சு? எத்தனை குடம் பிடிச்சீங்க? கேன் தண்ணிக்கு மாசம் எவ்வளவு ஆகுது?" என்று கேட்டால், அவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைச் சொல்வார். அதுதான் செய்தி. அதே தெருவில் இன்னும் நாலு வீட்டில் கேளுங்கள், ரசீது இருந்தால் படமெடுங்கள். அப்போது பாரம் ஒருவர் தலையில் விழாது. அந்த அக்காவைத் தனியாக நிற்கவைத்ததுதான் உங்கள் வீடியோவின் பெரிய குறை.

முப்பது பேரிடம் கேட்டுவிட்டு "வேலூர் மக்கள் கொதிப்பு" என்று தலைப்பு வைக்காதீர்கள். எந்த இடம், எந்த நேரம், எத்தனை பேர் என்று திரையில் போடுங்கள். சதவீதம் போடவே கூடாது. நீங்கள் பார்த்தது அன்று அங்கே நின்றவர்களை மட்டும்தான். பதிலில் "ஆனா..." என்று வரும் பின்பாதியை வெட்டுவதும் பொய்தான்.

சில எல்லைகள் உண்டு. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, காட்பாடி ஜங்ஷன் ரயில்வேயுடையது. இரண்டிலும் படப்பிடிப்புக்கு முன் அனுமதி வாங்குங்கள். சி.எம்.சி. மருத்துவமனை வாசலில் நிற்கும் நோயாளிகளையும் அவர்கள் கையிலுள்ள சீட்டுகளையும் படமெடுக்காதீர்கள். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட பெண், குழந்தை யார் என்று தெரியும்படி எதையும் வெளியிட்டால் அது குற்றம். கோட்டைப் பூங்காவில் உட்கார்ந்திருக்கும் ஜோடிகளிடம் மைக் நீட்டி மடக்குவது பத்திரிகைப் பணியே அல்ல. 2021 ஜனவரியில் சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் ஆபாசப் பேட்டி எடுத்த சேனலைச் சேர்ந்த மூவர் கைதானார்கள். தேர்தல் நேரத்தில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126, 126ஏ பிரிவுகளைப் படித்துவிட்டுத் தெருவில் இறங்குங்கள், "யாருக்கு ஓட்டு போட்டீங்க?" என்று வாக்குச்சாவடி வாசலில் கேட்டு, வாக்குக் கணிப்புகளுக்கான தடைக்காலத்தில் முடிவை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை.

யார் பெயரையாவது சொல்லி ஒருவர் குற்றம் சாட்டினால், "அவர் சொன்னார், நாங்கள் போட்டோம்" என்பது அவதூறு வழக்கில் உங்களைக் காப்பாற்றாது. சம்பந்தப்பட்டவரிடம் எழுத்தில் கேட்டு, பதில் சொல்ல நேரம் கொடுத்துவிட்டு வெளியிடுங்கள். குடிநீர் விஷயத்தில் அடுத்த படி, மாநகராட்சிக்கு ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் தண்ணீர் வரவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. இந்த வார்டில், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம் குடிநீர் விநியோகிக்கப்பட்டது என்பதற்கான பதிவேட்டின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். மனுவில் உங்கள் முகவரி போதும், அந்த அக்காவின் தெரு எண்ணைக் குறிப்பிடாமல் வார்டு முழுவதற்கும் கேளுங்கள்.