போர்டு: பலகையா, சாப்பாடா, வாரியமா?

‘போர்டு’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லைப் பற்றி இத்தனை பேர் கேட்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மரப்பலகையும் போர்டு, கம்பெனியை நடத்துகிறவர்களும் போர்டு. மனிதர்கள் எப்படி சார் பலகை ஆனார்கள்?

நடுவில் ஒரு மேசை இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அறுத்த பலகை என்று பொருள். அந்தக் காலத்து ஐரோப்பிய வீடுகளில் மேசை என்பதே தாங்குகால்கள் மேல் போட்ட பலகைதான். சாப்பிட்டு முடித்ததும் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடுவார்கள். அதனால் மேசைக்கும் அதே பெயர். பிறகு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுக்கிறவர்களையும் 16ஆம் நூற்றாண்டில் அப்படியே அழைக்க ஆரம்பித்தார்கள். பள்ளியில் படித்த ஆகுபெயரை நினைத்துக்கொள்ளுங்கள். ‘ஊர் சிரித்தது’ என்றால் சிரித்தது ஊரில் உள்ளவர்கள். இங்கே கூடிப் பேசியது மேசையைச் சுற்றி இருந்தவர்கள்.

கேள்வி: போர்டிங் ஸ்கூலில் வருவதும் விமான நிலையத்து போர்டிங் பாஸில் வருவதும் ஒரே போர்டிங்தானா?

எழுத்து ஒன்று, வந்த வழி வேறு. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

பள்ளியில் வருவது சாப்பாடு. மேசையின் பெயர் அதில் பரிமாறும் உணவுக்கு ஆகி, 14ஆம் நூற்றாண்டிலேயே ‘தினசரிச் சாப்பாடு’ என்ற பொருள் வந்துவிட்டது. ‘போர்டிங் அண்ட் லாட்ஜிங்’ என்பதில் லாட்ஜிங்தான் தங்குவது, போர்டிங் சாப்பிடுவது. பலரும் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள்.

விமானத்துக்கு வருவது கப்பல். கப்பலின் பக்கச் சுவருக்கும் போர்டு என்றுதான் பெயர். முதலில் இந்த வினைச்சொல்லை எதிரிக் கப்பலை ஒட்டிப் போய் அதன்மேல் தாவித் தாக்குவதற்குப் பயன்படுத்தினார்கள். சும்மா ஏறுவது அப்புறம் வந்த பொருள். கப்பலில் இருந்து ரயிலுக்கு, விமானத்துக்கு என்று போய், இப்போது வேலைக்குப் புதிதாகச் சேருகிறவரை ‘ஆன்போர்டிங்’ செய்கிறார்கள். வாள் எதுவும் தேவையில்லை, நாலைந்து படிவங்கள் போதும்.

கேள்வி: கப்பலின் வலப்பக்கத்தை ஏன் ‘ஸ்டார்போர்டு’ என்கிறார்கள்? நட்சத்திரம் பார்த்து ஓட்டியதாலா?

கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் இல்லை. ‘ஸ்டியர்’ என்று வண்டியைத் திருப்புவதற்குச் சொல்கிறோமே, அதன் பழைய வடிவம்தான் மருவி ‘ஸ்டார்’ ஆனது. சுக்கான் பின்புறத்து நடுவுக்கு வருவதற்கு முன், வலப்பக்கம் கட்டிய பெரிய துடுப்பால்தான் கப்பலைத் திருப்பினார்கள். ஆகவே ‘திருப்பும் பக்கம்’.

துடுப்பு வலப்பக்கம் இருந்ததால் கரையில் இடப்பக்கத்தை அணைத்து நிறுத்தினார்கள். இடப்பக்கத்துக்கு ‘லார்போர்டு’ என்று பெயர். காற்றும் அலையும் இரையும்போது ஒருவர் ‘ஸ்டார்போர்டு’ என்று கத்தினால் மற்றவர் காதில் ‘லார்போர்டு’ என்று விழுந்தால் என்ன ஆகும்? கடைசியில் 1844இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டைக் கைவிட்டு, இடப்பக்கத்தை ‘போர்ட்’ என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. அது துறைமுகம் என்னும் வேறு சொல். தமிழில் எழுதும்போது ‘போர்ட்’, ‘போர்டு’ இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவது நம் துரதிர்ஷ்டம்.

கேள்வி: கப்போர்டில் துணிதானே வைக்கிறோம், ‘கப்’ எங்கிருந்து வந்தது?

அது முதலில் கோப்பைகளை அடுக்கும் திறந்த மேசை. கதவு பிறகு வந்தது. பேசும்போது ‘ப்’ அழுத்தம் வராது. ‘கபர்டு’ என்றால் போதும்.

கேள்வி: ‘அபவ் போர்டு’, ‘அக்ராஸ் த போர்டு’, ‘கோ பை த போர்டு’ மூன்றும் ஒரே போர்டா?

மூன்றும் வேறு. முதலாவது சீட்டாட்ட மேசை: கையை மேசைக்கு மேலே வைத்து ஆடினால் ஏமாற்று இல்லை, அதனால் ‘நேர்மையாக’ என்று பொருள். இரண்டாவது அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில் இருந்து வந்தது. ஒரே குதிரைமேல் முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் மூன்றுக்கும் சமமாகப் பணம் கட்டுவது. இன்று ‘எல்லோருக்கும் ஒரே மாதிரி’ என்ற பொருளில் வழங்குகிறது. மூன்றாவது மறுபடி கப்பல்: முறிந்த பாய்மரம் பக்கவாட்டில் கடலில் விழுந்து போவது, அதாவது கைவிட்டுப் போவது.

கேள்வி: ‘போர்டர்’ என்றால் எல்லை, விடுதி மாணவர் இரண்டுமா?

தமிழ் எழுத்தில்தான் ஒன்று. ஆங்கிலத்தில் எழுத்து வேறு. ஆனால் எல்லை என்ற சொல் பிரெஞ்சு வழியாக வந்தாலும், அதன் வேர் ‘ஓரம், பக்கம்’ என்ற பழைய ஜெர்மானியச் சொல். கப்பலின் பக்கச் சுவரைக் குறிக்கும் ‘போர்டு’க்கு அது உறவுதான்.

கேள்வி: மொழிபெயர்க்கிறேன். எல்லா இடத்திலும் ‘பலகை’ போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். ‘பலகை ஒப்புதல் அளித்தது’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்திருக்கிறேன். எழுதவும் விளையாடவும் பயன்படுவது பலகை. கம்பெனி என்றால் இயக்குநர் குழு. அரசு அமைப்பு என்றால் வாரியம். இந்த ‘வாரியம்’ புதிதாக உருவாக்கியது இல்லை, சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே ‘ஏரி வாரியம்’, ‘தோட்ட வாரியம்’ உண்டு. சாப்பாட்டுப் பொருளில் வந்தால் ‘சாப்பாடு’ என்றே எழுதுங்கள்.