தூதரகத்தில் வேலைக்குச் செல்லும் தம்பிக்கு யார் பாதுகாப்பு?

கேள்வி: வெளியுறவு அமைச்சகத்தில் உதவியாளராக இருக்கும் என் தம்பிக்குப் பயங்கரவாத அச்சுறுத்தல் மிகுந்த ஒரு நாட்டிலுள்ள நம் தூதரகத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. அங்கே அவருடைய பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? அவர் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: சட்டப்படி முதற்பொறுப்பு, அவர் பணியாற்றப்போகும் நாட்டு அரசுக்கே உரியது. தூதரக உறவுகள் பற்றிய 1961-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவு, தூதரக வளாகத்தைக் காக்கும் தனிக் கடமையை அந்த அரசின் மீது சுமத்துகிறது. 29-ஆம் பிரிவு தூதரின் உடலுக்கோ சுதந்திரத்துக்கோ மாண்புக்கோ தீங்கு நேராமல் தடுக்கச் சொல்கிறது. உங்கள் தம்பி தூதர் அல்லர் என்று கவலைப்பட வேண்டாம். 37-ஆம் பிரிவின்படி, அந்நாட்டுக் குடிமக்களாகவோ அங்கேயே நிலையாகக் குடியிருப்பவர்களாகவோ இல்லாத நிர்வாகப் பணியாளர்களுக்கும் அவர்களோடு வாழும் குடும்பத்தாருக்கும் 29-ஆம் பிரிவின் பாதுகாப்பு உண்டு. 1979-இல் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது அதைத் தடுக்காமல் விட்டதற்காக, சர்வதேச நீதிமன்றம் 1980-இல் ஈரானைப் பொறுப்பாக்கியது.

ஆனால் தீர்ப்பு பின்னால்தான் வரும், குண்டு முன்னால் வந்துவிடும். அதனால்தான் அபாயம் மிகுந்த இடங்களில் வளாகத்துக்குள் நம் நாடே தன் காவலர்களை நிறுத்துகிறது. காபூலில் அந்தப் பொறுப்பை இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை ஏற்றிருந்தது. 2008 ஜூலை 7 அன்று அங்கே நம் தூதரக வாசலில் கார் குண்டு வெடித்து, பிரிகேடியர் ரவி தத் மேத்தா, ஆலோசகர் வெங்கடேஸ்வர ராவ், அந்தப் படையின் காவலர்கள் இருவர் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதிகாரிகள் இருவரும் வாகனத்தில் வாசலை அடைந்த நேரம் அது. உள்ளே நுழைவதற்காக வண்டி வேகம் குறைக்கும் அந்தச் சில நொடிகளே மிகவும் ஆபத்தானவை என்பதை உங்கள் தம்பி மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் சுவர்கள் பலப்படுத்தப்பட்டிருந்ததால், 2009 அக்டோபரில் மீண்டும் தாக்குதல் நடந்தபோது சுவருக்கு வெளியே பலர் மாண்டாலும் உள்ளே இருந்த நம் ஊழியர்கள் உயிர் தப்பினர்.

கட்டடத்துக்கும் தெருவுக்கும் இடையே உள்ள தூரத்துக்கு ஈடான காவல் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. 1998-இல் குண்டுவெடிப்புக்குள்ளான நைரோபி அமெரிக்கத் தூதரகம், நெரிசலான சாலைச் சந்திப்பை ஒட்டியே இருந்தது. அங்கே இன்னொரு துயரமும் நிகழ்ந்தது. முதலில் கேட்ட சிறு வெடிச்சத்தத்தைக் கேட்டு என்னவென்று பார்க்க ஜன்னலருகே வந்த பலர், அடுத்து வெடித்த பெருங்குண்டால் சிதறிய கண்ணாடித் துண்டுகள் பட்டுப் பார்வையை இழந்தனர். ஆகவே சத்தம் கேட்டவுடன் ஜன்னலைவிட்டு விலகி, உட்புறச் சுவருக்கு அருகே தாழ்ந்து படுக்க வேண்டும். இதை இப்போதே அவரிடம் சொல்லுங்கள்.

தனிப்பட்ட பழக்கத்திலும் கவனம் தேவை. 1984-இல் பர்மிங்காமில் நம் அதிகாரி ரவீந்திர மாத்ரே, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கடத்திக் கொல்லப்பட்டார். அது அபாயப் பட்டியலில் இருந்த நகரமும் அன்று. எனவே உங்கள் தம்பி புறப்படும் நேரத்தையும் செல்லும் வழியையும் அடிக்கடி மாற்றிக்கொள்ளட்டும். வண்டியில் ஏறுமுன் அதன் அடிப்பகுதியையும் சுற்றுப்புறத்தையும் ஒருமுறை பார்க்கட்டும். அவர் குடியிருக்கும் வீடு, பயண நாள், விடுமுறைத் திட்டம் ஆகியவற்றைக் குடும்பத்தார் யாரும் முகநூலிலோ வாட்ஸ்அப் குழுக்களிலோ பகிராதீர்கள்.