கிராபிக்ஸ் கார்டு விசிறி இரைகிறதா? நீலகிரியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

பனிக்காலம் தொடங்கியதிலிருந்து கிராபிக்ஸ் கார்டு விசிறியைப் பற்றியே பலரும் கேட்டிருக்கிறீர்கள். குன்னூரில் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். சமவெளியில் இந்த விசிறிகளை வெப்பமும் தூசியும் கெடுக்கின்றன என்றால், இங்கே குளிரும் ஈரமும் கெடுக்கின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பதில்கள் எளிதில் விளங்கும்.

உதகையிலிருந்து ஒருவர்: ஐயா, காலையில் கணினியைப் போட்டதும் கார்டிலிருந்து கரகரவென்று சத்தம் வருகிறது. சிறிது நேரத்தில் தானாகவே அடங்கிவிடுகிறது. விசிறியை மாற்றத்தான் வேண்டுமா?

உடனே மாற்ற வேண்டியதில்லை. ஆனால் இது முதல் எச்சரிக்கை. விலை குறைந்த கார்டுகளில் பெரும்பாலும் ஸ்லீவ் பேரிங் விசிறிகளே இருக்கும். அவற்றின் அச்சு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் சுழல்கிறது. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த அறையில் அந்த எண்ணெய் கெட்டிப்படுவதால், கார்டு சூடேறும்வரை அச்சு உலோகத்தில் உரசுகிறது. எண்ணெய் போதிய அளவு இருந்தவரை இந்தச் சத்தம் வந்திருக்காது. ஆகவே அது வற்றத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டு, ஒவ்வொரு விசிறியையும் விரலால் மெதுவாகச் சுண்டிவிடுங்கள். நல்ல விசிறி சில சுற்றுகள் ஓடித் தயங்கி நிற்கும். கெட்டது சட்டென்று நின்றுவிடும். பிறகு நடுப்பகுதியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால், தேய்ந்த பேரிங்கின் ஆட்டம் கையிலேயே தெரியும். ஆட்டம் இல்லையென்றால், உள்ளே தளர்ந்து தொங்கும் கேபிள் ஏதாவது இறக்கையில் படுகிறதா என்றும் பாருங்கள். விசிறிதான் கெட்டது என்று முடிவு கட்டி என்னிடம் வருகிற கணினிகளில் இப்படிக் கேபிள் உரசியவையும் உண்டு.

கோத்தகிரி மாணவர்: அண்ணா, விசிறியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் போதும் என்று நண்பன் சொல்கிறான். விடலாமா?

தம்பி, தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். உங்கள் வீட்டு எண்ணெய்ப் பாட்டில் ஆண்டில் எத்தனை நாள் கட்டியாக இருக்கிறது என்று அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். அதே கட்டிதான் பேரிங்குக்குள்ளும் உண்டாகும். துருப்பிடித்த திருகுகளுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். அது இருக்கிற எண்ணெயைக் கரைத்து வெளியேற்றிவிட்டுத் தானும் ஆவியாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாம். விசிறியின் நடுவிலுள்ள ஸ்டிக்கரை உரித்தால் சில மாடல்களில் சிறிய ரப்பர் மூடி இருக்கும். அதை எடுத்துவிட்டு எண்ணெயிட்டு மூட வேண்டும். மூடியே இல்லாமல் அடைக்கப்பட்ட மாடல்களைத் துளைத்துப் பார்க்காதீர்கள். எண்ணெயிடுவது புது விசிறி வந்து சேரும்வரை நாளைக் கடத்த உதவுமே ஒழிய, தேய்ந்த உலோகத்தைத் திருப்பித் தராது.

குன்னூரிலிருந்து ஒருவர்: பாட்டுக் கேட்கும்போதும் கடிதம் எழுதும்போதும் விசிறிகள் சுழலவே இல்லை. பழுதா?

பெரும்பாலும் இல்லை. இப்போதைய கார்டுகள் பலவற்றில் வெப்பம் 50 முதல் 60 டிகிரியைத் தொடும்வரை விசிறி நிற்கும்படியே அமைத்திருக்கிறார்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் வேகத்தை 50 சதவீதமாக வைத்துப் பாருங்கள், சுழன்றால் கவலையில்லை.

மஞ்சூரிலிருந்து ஒருவர்: புது விசிறி வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்? அளவு மட்டும் சரியாக இருந்தால் போதுமா?

போதாது. பணம் வீணாவது இந்த இடத்தில்தான். கார்டின் பெயரைச் சொல்லி விசிறி கேட்காதீர்கள். ஒரே பெயரில் வந்த கார்டுகளிலும் வெவ்வேறு தயாரிப்பு விசிறிகள் இருக்கலாம். விசிறியைக் கழற்றி, அதன் நடுவிலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படமெடுத்து, அதிலுள்ள மாடல் எண்ணை எழுத்துப் பிசகாமல் கடைக்காரருக்கு அனுப்புங்கள். 12 வோல்ட் என்பது எல்லாவற்றிலும் இருக்கும். ஆம்பியர் அளவும் ஒத்துவர வேண்டும். திருகுத் துளைகளின் இடைவெளியை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கார்டு விசிறியின் நான்கு முனை இணைப்பில் முனைகளுக்கு இடையே பெரும்பாலும் 2 மில்லிமீட்டர்தான் இருக்கும். மதர்போர்டு விசிறிக்கு அது 2.54 மில்லிமீட்டர் என்பதால் ஒன்று மற்றதில் பொருந்தாது. மூன்று விசிறி உள்ள சில கார்டுகளில் நடு விசிறி எதிர்த்திசையில் சுழலும். அதன் இறக்கைகள் கண்ணாடிப் பிம்பம்போல் வளைந்திருக்கும் என்பதால், எந்த இடத்து விசிறி என்பதையும் சொல்லியே வாங்க வேண்டும்.

நம் மலையில் இவை கிடைப்பது அரிது. கோயம்புத்தூரிலோ சென்னை ரிச்சி தெருவிலோ விசாரிக்கலாம், அல்லது இணையத்தில் வரவழைக்கலாம். கிடைத்தால் பால் பேரிங் (சிறு உலோக உருண்டைகளின் மேல் அச்சு சுழலும் வகை) உள்ளதையே தேர்ந்தெடுங்கள். சற்று இரைச்சல் கூடினாலும் நம் குளிருக்கு அது தாங்கும். இரண்டு விசிறியில் ஒன்றுதான் கெட்டது என்றாலும் நான் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்வேன், ஏனெனில் இரண்டும் ஒரே வயதுடையவை.

கூடலூரிலிருந்து ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்: அலுவலகக் கணினியை அடிக்கடி ஊதிச் சுத்தம் செய்தும் விசிறி கெடுகிறதே?

தேயிலைத் துகளும் நாரும் தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தோடு சேர்ந்தால், தூசியாக இராமல் கம்பளி போல் படிந்துவிடும். ஊதினால் அது அசையாது. விசிறியைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் இறக்கைகளைத் துடையுங்கள். இறக்கைகளில் ஒருபக்கம் மட்டும் அழுக்குப் படிந்தால் சமநிலை தவறி, அந்த அதிர்வே பேரிங்கைத் தேய்த்துவிடும். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது கட்டுமீறிச் சுழன்றாலும் பேரிங் கெடும். வீட்டில் விறகுக் கணப்பு மூட்டுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். புகைக்கரி இன்னும் பிசுபிசுப்பாக ஒட்டும்.

கேத்தியிலிருந்து ஒருவர்: நானே கழற்றி மாற்ற முடியுமா?

வாரண்டி முடிந்திருந்தால் தாராளமாகச் செய்யலாம். வாரண்டி இன்னும் இருந்தால் முதலில் அந்த வழியையே நாடுங்கள். கம்பளி ஸ்வெட்டரையும் சால்வையையும் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். தை, மாசி மாத வறண்ட நாட்களில் கம்பளியில் சேரும் நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்கப் போதுமானது. கேபினெட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டுக் கார்டைக் கையில் எடுங்கள்.

சில கார்டுகளில் விசிறி பொருத்திய மேல்மூடியை மட்டும் தனியே கழற்றலாம். அப்படியானால் வேலை எளிது. மற்றவற்றில் ஹீட்சிங்கையே, அதாவது சிப்பின் சூட்டை உறிஞ்சும் உலோகத் தகடுகளின் தொகுதியையே, எடுத்தாக வேண்டும். அப்போது சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஸ்பிரிங் திருகுகளையும் குறுக்குமறுக்காக, ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். ஹீட்சிங்க் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல் லேசாகத் திருகிப் பிரியுங்கள். விசிறி கேபிள் இன்னும் கார்டோடு இணைந்திருக்கும் என்பதை மறந்து தூக்கிவிடக் கூடாது. சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்குச் சூட்டைக் கடத்தும் பசையான பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக இட வேண்டும். மெமரி போன்ற பகுதிகளின் மேல் சூட்டைக் கடத்த ஒட்டியிருக்கும் மெத்தையான தெர்மல் பேட் கிழிந்திருந்தால் அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும். தடித்த பேடைப் போட்டால் ஹீட்சிங்க் சிப்பின் மேல் சரியாக உட்காராமல், விசிறி புதிதாக இருந்தும் சூடு ஏறும்.

உதகையிலிருந்து மற்றொருவர்: ஒரு விசிறி நின்றுவிட்டது. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் விளையாடும்போது 78 டிகிரிதான் காட்டுகிறது. நம் குளிரில் இப்படியே ஓட்டலாமா?

அந்தச் சிப்பின் உச்ச வரம்பு 93 டிகிரி என்பதால் எண்ணைப் பார்த்தால் பாதுகாப்பாகவே தோன்றும். ஆனால் மென்பொருள் காட்டுவது சிப்பின் வெப்பத்தை மட்டுமே. நின்றுபோன விசிறிக்குக் கீழே இருக்கும் மெமரிக்கும் மின்சாரப் பகுதிக்கும் காற்றே கிடைப்பதில்லை. மேலும் உதகையின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அள்ளிச் செல்லும் வெப்பம் குறையும். அறையின் குளிர் அதை ஈடுசெய்கிறது என்பது உண்மைதான். ஆனால் சித்திரையில் ஜன்னலை மூடிக்கொண்டு விளையாடினால் அந்த ஈடும் போய்விடும். மாற்றிவிடுங்கள்.

பந்தலூரிலிருந்து ஒருவர்: இரண்டு விசிறிகளையும் மாற்றிய பிறகும் கீச்சென்ற சத்தம் நிற்கவில்லை.

விளையாட்டில் பிரேம் எண்ணிக்கைக்கு, அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் திரையில் வருகின்றன என்பதற்கு, ஒரு வரம்பு வைத்துப் பாருங்கள். அப்போது சத்தத்தின் சுருதி மாறினாலோ குறைந்தாலோ, அது விசிறியிலிருந்து வருவதன்று; கார்டின் மின்சுருள்கள் அதிர்வதால் எழுவது. அதனால் கார்டுக்குக் கெடுதல் இல்லை. வரம்பை 60 பிரேமிலேயே விட்டுவிட்டு, கழற்றிய பழைய விசிறிகளில் நல்லது எது என்று சுண்டிப் பார்த்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; அதே மாடல் இனி எளிதில் கிடைக்காது.