உயிலை நிறைவேற்ற ஒரு நிறுவனம்: இப்போதே பணம் கட்டலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. காட்பாடி காந்தி நகரில் என் சம்பளத்தில் கட்டிய வீடு இருக்கிறது. இன்றைக்கு விற்றால் 70 லட்சம் போகும். குடியாத்தம் பக்கம் என் கணவர் வாங்கிய நிலம் 30 லட்சம் பெறும். வங்கியில் என் பெயரில் 20 லட்சம் டெபாசிட். கணவர் உயில் எழுதாமலே காலமாகிவிட்டார்; மாமியார் அதற்கு முன்பே தவறிவிட்டார். மகன் கனடாவில், மகள் பெங்களூரில். இருவருக்கும் பேச்சு இல்லை. என் காலத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் பிரித்துக் கொடுக்க ஒரு நிறுவனம் முன்வந்திருக்கிறது. மொத்த மதிப்பில் 3 சதவீதம் கட்டணம், அதில் பாதியை இப்போதே கட்ட வேண்டும், அசல் பத்திரங்களையும் ஒப்படைக்க வேண்டும் என்கிறார்கள். சரிதானா?
- வாசகி, காட்பாடி

பதில்: அம்மா, பணத்தை இப்போது கட்டாதீர்கள். பத்திரங்களையும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

வேறு எந்த வேலைக்கு ஆள் வைத்தாலும், சரியில்லை என்றால் நாமே போய்க் கேட்கலாம். இந்த வேலை ஆரம்பிப்பதே நீங்கள் போன பிறகுதான். அன்றைக்குக் கணக்குக் கேட்கப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பிள்ளைகள்தான் இருப்பார்கள். ஆகவே கட்டணம் எவ்வளவு, எப்போது, எதிலிருந்து என்பதை உயிலிலேயே எழுதிவிடுங்கள். சொத்தைப் பிரித்து முடித்த பிறகு, இரண்டு பிள்ளைகளுக்கும் எழுத்தில் கணக்குக் கொடுத்த பிறகு, உங்கள் சொத்திலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாத நிறுவனம் உங்களுக்கு வேண்டாம்.

அவர்கள் போட்ட கணக்கே தப்பு. குடியாத்தம் நிலம் முழுவதும் உங்களுடையது இல்லை. கணவர் தன் பணத்தில் வாங்கி, உயில் எழுதாமல் காலமானதால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது உங்களுக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. உங்களால் உயில் எழுத முடிந்தது மூன்றில் ஒரு பங்குக்குத்தான், அதாவது 10 லட்சத்துக்கு. வீடு, டெபாசிட்டோடு சேர்த்தால் ஒரு கோடி. 3 சதவீதம் என்று வைத்தாலும் 3 லட்சம்தான் வரும். அவர்கள் 1 கோடியே 20 லட்சத்துக்குக் கணக்குப் போட்டு 3 லட்சத்து 60 ஆயிரம் கேட்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே சொந்தமான பங்குக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்குவது என்ன நியாயம்?

இன்னொன்றும் கேளுங்கள். எக்சிகியூட்டர், அதாவது உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர், எடுக்கும் கமிஷன், இறந்தவர்களின் சொத்தை நிர்வகிக்கும் அரசு அதிகாரியான அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரலுக்கு நிர்ணயித்த விகிதத்தைத் தாண்டக் கூடாது என்று 1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 309-வது பிரிவு சொல்கிறது. உங்கள் 3 சதவீதம் அந்த வரம்புக்குள் வருகிறதா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அவர்கள் எந்த வகை அமைப்பு என்பதும் முக்கியம். அதே சட்டத்தின் 223-வது பிரிவுப்படி, தனிநபர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கோ கூட்டுக்கோ புரோபேட், அதாவது உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று, கிடைக்காது. கம்பெனியாக இருந்து, மாநில அரசு விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டிருந்தால்தான் கிடைக்கும். நாலு பேர் சேர்ந்து போர்டு மாட்டிய இடத்தை எக்சிகியூட்டராகப் போட்டால், தகராறு வரும் நாளில் உயிலைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டில் நிற்க முடியாது. பதிவுச் சான்றைப் பார்க்காமல் மேற்கொண்டு பேசாதீர்கள்.

கம்பெனி என்றால் ஒரு அனுகூலமும் உண்டு. சேவையில் குறை இருந்தால், பணம் கட்டியவர் உயிரோடு இல்லாவிட்டாலும் அவருடைய வாரிசுகள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தின் நகலைப் பிள்ளைகள் இருவருக்கும் இப்போதே அனுப்பிவிடுங்கள். வக்கீலை அமர்த்தினால் இந்த வழி கிடையாது: வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அவர் மேல் குறை என்றால் பார் கவுன்சிலுக்குத்தான் போக வேண்டும்.

சரி, இந்தச் சொத்துக்கு நிறுவனம் அவசியமா? எனக்கு அவசியமாகத் தெரியவில்லை. உங்கள் உயிலுக்குப் புரோபேட் கட்டாயமில்லை. பட்டா மாறுதல், வங்கி டெபாசிட், வீட்டு வரி பெயர் மாற்றம் என்று மிச்சமிருக்கும் வேலைகளை ஊரில் இருக்கும் பொறுப்பான ஆள் அலைந்து முடித்துவிடலாம். இரண்டு பிள்ளைகளும் மறுக்காத, உங்களைவிட வயது குறைந்த ஒருவரைப் பாருங்கள். தம்பி மகனாக இருக்கலாம், உங்களிடம் படித்தவராகக்கூட இருக்கலாம். அவரை எக்சிகியூட்டராகப் போட்டு, அவரால் முடியாவிட்டால் யார் என்று இரண்டாவது பெயரையும் எழுதுங்கள். வக்கீல், ஆடிட்டர் செலவைச் சொத்திலிருந்தே கொடுக்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். அப்படி ஆளே இல்லை, பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போவது உறுதி என்றால் மட்டும் நிறுவனத்தை யோசியுங்கள்.

உயிலில் வீட்டை விற்றுப் பிரிப்பதா, ஒருவருக்கு வீடும் மற்றவருக்கு டெபாசிட்டுமா என்று தெளிவாக எழுதுங்கள். விற்பது என்றால் விற்கும் அதிகாரத்தையும் எழுதுங்கள். வங்கி நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள் மட்டுமே, சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். உயிலில் ஒரு பெயர், நாமினியில் இன்னொரு பெயர் இருந்தால் அங்கேயே சண்டை ஆரம்பிக்கும். இரண்டு சாட்சி கட்டாயம், உங்கள் பிள்ளைகள் சாட்சியாக வேண்டாம். பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். உங்கள் காலம் வரை அதன் நகலை நீங்களோ உங்கள் ஏஜென்டோ தவிர வேறு யாரும் வாங்க முடியாது. உயிலைச் சீல் வைத்த உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் வழி இருக்கிறது. அந்த நிறுவனம் உயிலுக்குப் பதில் பவர் பத்திரம் போதும் என்று சொன்னால் நம்பாதீர்கள். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் போய்விடும்.

கேள்வி: நாங்கள் ஆம்பூர் முஸ்லிம் குடும்பம். இந்த உயில் விஷயமெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?
- வாசகர், ஆம்பூர்

பதில்: எக்சிகியூட்டரை நியமிக்கலாம். ஆனால் அடக்கச் செலவும் கடனும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதினால், வாரிசுகள் சம்மதித்தால்தான் செல்லும். முழுச் சொத்துக்கும் கட்டணம் கேட்கும் நிறுவனத்திடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: நண்பர் என்னைக் கேட்காமலே தன் உயிலில் எக்சிகியூட்டராகப் போட்டிருக்கிறார். எனக்கு உடம்பு முடியவில்லை. மறுக்கலாமா?
- வாசகர், இராணிப்பேட்டை

பதில்: தாராளமாக. அவர் இருக்கும்போதே சொல்லிவிட்டால் வேறு பெயர் எழுதிக்கொள்வார். அவர் காலத்துக்குப் பிறகு மறுப்பதென்றால், வாடகை வசூலிப்பது, கடனைத் தீர்ப்பது போன்ற எதிலும் கை வைக்கும் முன் மறுத்துவிட வேண்டும். கை வைத்த பிறகு விலகுவது கஷ்டம். ஈமச்சடங்குக்கு ஏற்பாடு செய்வதும், வீட்டைப் பூட்டிப் பொருளைப் பாதுகாப்பதும் இதில் சேராது, பயப்படாமல் செய்யலாம். மனசு மாறி ஏற்றுக்கொண்டு புரோபேட்டும் வாங்கினால், 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும் ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். அவருடைய பணத்தை உங்கள் கணக்கில் கலக்காமல் தனிக் கணக்கில் வையுங்கள்.