ஆணுறுப்பிலும் தொடை இடுக்கிலும் அரிப்பு, சிவப்பு ஏன் வருகிறது? மெடிக்கலில் க்ரீம் வாங்கிப் போட்டால் போதுமா?

போதாது. நான் அப்படித்தான் எட்டு மாதம் போட்டேன்.

சென்னையில் பைக்கிலேயே சுற்றுகிற வேலை எனக்கு. சித்திரை வெயிலில் சூடேறிய சீட், மேலே இறுக்கமான ஜீன்ஸ். தொடை இடுக்கில் முதலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்தது. கடையில் பெண்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், "அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்றேன். கடைக்காரர், எங்கே, எத்தனை நாளாக என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ட்யூபைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டார். இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது. ஆகா என்று நிறுத்தினேன். ஒரே வாரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் திரும்பி வந்தது. மறுபடி ட்யூப், மறுபடி அடங்கல். இப்படியே எட்டு மாதம்.

கடைசியில் தோல் மருத்துவரிடம் போனபோது, பிளேடின் விளிம்பால் செதிலை லேசாகச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து, மேலே ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். படர்தாமரைப் பூஞ்சைதான். பிறகு ட்யூபின் முதுகில் இருந்த பொடி எழுத்தை என்னையே படிக்கச் சொன்னார். குளோபெட்டசால். வீரியமான ஸ்டீராய்டு. பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றையும் ஒரே ட்யூபில் கலந்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு அரிப்பை அமுக்குகிறது, கூடவே அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையும் அமுக்குவதால் பூஞ்சை சத்தமில்லாமல் பரவுகிறது. விதைப்பைத் தோல் முன்கைத் தோலைவிடச் சுமார் 40 மடங்கு ஸ்டீராய்டை உறிஞ்சுமாம். 2018-இல் மத்திய அரசு தோலில் பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கடையில் எப்படிக் கிடைக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

எனக்கு மாத்திரையும் ஸ்டீராய்டு கலக்காத க்ரீமும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. மனைவிக்கும் இடுப்பில் வந்திருந்தது, அவளுக்கும் சேர்த்தே வைத்தியம். பூஞ்சை போய்விட்டது. தொடையில் பிரசவத் தழும்பு மாதிரி விழுந்த கோடுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த இடத்தில் அரிப்பு என்றால் எல்லாமே படர்தாமரை இல்லை. படர்தாமரை பெரும்பாலும் தொடை மடிப்பில் வளைவான விளிம்போடு பரவும், விதைப்பையை அவ்வளவாகத் தொடாது. விதைப்பை மட்டும் எரிந்து தோல் உரிகிறதா? முதலில் சோப்பைச் சந்தேகப்படுங்கள். நானே கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து கழுவி, அந்த எரிச்சலை வேறு தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டவன். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் அந்த நிமிடம் சுகமாகத்தான் இருக்கும், தோல் வறண்டு அரிப்பு கூடிவிடும். எலுமிச்சை, பூண்டு வைத்தியமெல்லாம் அங்கே வேண்டவே வேண்டாம்.

முன்தோலுக்கு அடியில் சிவந்து, தயிர்த் திப்பி போல வெள்ளையாகப் படிந்தால் அது பெரும்பாலும் கேண்டிடா என்கிற ஈஸ்ட். இது அடிக்கடி வந்தாலோ, முன்தோல் ஓரத்தில் வெடிப்பு விட்டாலோ சர்க்கரையைப் பரிசோதியுங்கள். என் மாமாவுக்கு நீரிழிவு இருப்பது தெரிந்ததே இப்படித்தான். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது வரலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

இரவில் தூக்கம் கெடும் அளவுக்கு அரித்து, விரல் இடுக்கிலும் இருந்து, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் அது சொறிப்பூச்சி. ஆணுறுப்பிலும் விதைப்பையிலும் சின்னச் சின்ன முண்டுகள் இருக்கும். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசாவிட்டால் சுற்றிச் சுற்றி வரும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. நண்பன் ஒருவனுக்கு ஆணுறுப்பின் நுனி மொட்டில் திடீரென்று வட்டமாக ஒரு புண் வந்து கறுத்தது. வீட்டில் பெரிய சண்டை, அவன் மனைவி ஒரு வாரம் பேசவில்லை. பார்த்தால், வயிற்றுப்போக்குக்கு எடுத்த மாத்திரையின் ஒவ்வாமை. அதே மாத்திரையை எடுக்கும்போதெல்லாம் அதே இடத்தில் வரும். கடைசியாக என்ன மாத்திரை போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் வலியில்லாத புண், கொத்தாகக் கொப்புளம், சிறுநீர்ப் பாதையில் சீழ் என்றால் நீங்களாக எந்த முடிவுக்கும் வராமல் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது, சென்னை மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே தனி நிலையம் உண்டு. மொட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாக முத்து முத்தாக இருப்பது மட்டும் நோயே இல்லை. இயல்பான தோலமைப்பு, கிள்ளாதீர்கள்.

பராமரிப்பு ரொம்பச் சாதாரணம். வெறும் தண்ணீரில் கழுவுங்கள், முன்தோலை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி உள்ளேயும் கழுவி, ஒற்றித் துடைத்துவிட்டு மறக்காமல் முன்னுக்கு இழுத்துவிடுங்கள். தளர்வான பருத்தி ஜட்டி, தினமும் மாற்ற வேண்டும். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வெயிலில் காயப்போடுங்கள், மழைக்காலமென்றால் அயர்ன் பண்ணுங்கள். வீட்டுக்கே ஒரு துண்டு என்கிற பழக்கத்தை விடுங்கள். இரவில் லுங்கி போதும், ஜட்டி வேண்டாம். தேய்மானத்தில் வந்த எரிச்சல் என்றால் வாசலின் தடவினாலே இரண்டு மூன்று நாளில் தணியும்.

வேகமாக வீங்கிக் கறுத்து காய்ச்சலும் வந்தாலோ, பின்னுக்குத் தள்ளிய முன்தோல் திரும்ப வராமல் சிக்கிக்கொண்டாலோ, இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மற்றபடி ஒரு வாரத்தில் அடங்காவிட்டால் தோல் மருத்துவர்தான். போகும்போது இதுவரை தடவிய ட்யூப் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். நான் ஐந்து காலி ட்யூபை மேஜையில் வைத்தேன், அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார், ஐந்திலும் ஒரே மருந்து. பெயர்தான் வேறு வேறு.