வாசகர் கேள்வி: காபிக்கு விலை, அகதிக்கு வேலை

கேள்வி: நியாய வணிக முத்திரை உள்ள காபியைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறேன். அந்தப் பணம் நிஜமாகவே விவசாயிக்குப் போகிறதா, என் மனத்திருப்திக்கு மட்டும்தானா?

பதில்: போகிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. கடையில் நீங்கள் கூடுதலாகத் தரும் காசில் பெரும்பங்கு வறுப்பவர், விற்பவர் என்று வழியிலேயே நின்றுவிடும். விவசாயிக்கு உண்மையான லாபம், விலை விழும்போது அவரைத் தாங்கும் குறைந்தபட்ச விலை. எந்த நாடு எவ்வளவு காபி ஏற்றுமதி செய்யலாம் என்று நாடுகள் தங்களுக்குள் வைத்திருந்த ஒதுக்கீட்டு முறை 1989 இல் முறிந்தது, அதன்பின் விலையைக் கட்டுக்குள் வைக்க ஆளில்லாமல் போய், 2001 இல் ஒரு பவுண்டு காபிக்கொட்டை 50 சென்டுக்கும் கீழே இறங்கியது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் மத்திய அமெரிக்காவில் பலர் நிலத்தை விட்டுக் கிளம்பினார்கள். நியாய வணிக முத்திரை தரும் ஃபேர்ட்ரேட் அமைப்பு கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் காபிக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச விலை 2023 இல் பவுண்டுக்கு 1.40 டாலரிலிருந்து 1.80 டாலராக உயர்ந்தது. சந்தை விலை அதற்கு மேலே போனால் சந்தை விலையே கிடைக்கும். இதுபோக பவுண்டுக்கு 20 சென்ட் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தனியாகப் போகும், அதைப் பள்ளிக்குச் செலவழிப்பதா, உலர்களம் போடுவதா, நாற்று வாங்குவதா என்று உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். இந்த ஏற்பாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உனக்கு என்ன தேவை என்று யாரும் மேலேயிருந்து வந்து சொல்வதில்லை.

குறைகளும் உண்டு. முத்திரை பெற்ற சங்கமாக இருந்தாலும் அறுவடை முழுவதையும் அந்த விலைக்கு வாங்க ஆள் கிடைப்பதில்லை, மீதி சாதாரணச் சந்தைக்குத்தான் போகும். அப்புறம், சொந்த நிலம் இல்லாமல் அந்தச் சிறு விவசாயியிடமே கூலிக்குப் போகிறவர்களை யாரும் நினைப்பதே இல்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் என்ற கல்லூரியின் ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் விசாரித்து 2014 இல் வெளியிட்ட அறிக்கையில், ஃபேர்ட்ரேட் இருக்கும் இடங்களில் கூலியாட்களின் நிலை மேலாக இல்லை, பல இடங்களில் மோசமாகவே இருக்கிறது என்று எழுதினார்கள். ஆய்வு செய்த விதம் சரியில்லை என்று ஃபேர்ட்ரேட் தரப்பு மறுத்தது, ஆனால் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. வாங்குவதை நிறுத்தாதீர்கள். உங்கள் கொள்முதலில் எவ்வளவு இந்த விலைக்கு வாங்குகிறீர்கள், தோட்டக் கூலி என்ன என்று காபி விற்கும் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால்தான் அவர்கள் கணக்கை எடுப்பார்கள்.

கேள்வி: உலகில் வறுமை குறைகிறதா, கூடுகிறதா?

பதில்: குறைந்திருக்கிறது. நாளொன்றுக்கு 3 டாலருக்கும் குறைவாகச் செலவழிப்பவர்களை மிக ஏழைகள் என்று உலக வங்கி 2025 முதல் கணக்கெடுக்கிறது (அதற்கு முன் 2.15 டாலர்). இந்த அளவுகோலின்படி 1990 இல் 200 கோடிக்கும் மேல் இருந்தவர்கள் இப்போது ஏறக்குறைய 80 கோடி. குறைந்ததில் பெரும்பங்கு சீனாவுடையது. மிச்சமிருப்பவர்களில் பெரும்பாலோர் சகாராவுக்குத் தெற்கே, அதிலும் போர் நடக்கிற நாடுகளில் இருக்கிறார்கள், அதனால் வறுமையைப் பற்றிய கேள்வியும் அகதிகளைப் பற்றிய கேள்வியும் இனி ஒன்றாகத்தான் வரும்.

கேள்வி: நம் மக்களுக்கே வேலை இல்லாதபோது அகதிகளை ஏன் சேர்த்துக்கொள்ள வேண்டும்? பணக்கார நாடுகள் பார்த்துக்கொள்ளட்டுமே?

பதில்: உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் பணக்கார நாடுகள் பார்த்துக்கொள்ளவில்லை என்பதே நிலவரம். அகதிகளில் பத்தில் ஏழு பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில்தான் இருக்கிறார்கள். உகாண்டாவில் மட்டும் 17 லட்சத்துக்கும் மேல். அந்த நாடு 2006 இல் இயற்றிய சட்டப்படி அகதி வேலை பார்க்கலாம், தொழில் செய்யலாம், குடியிருப்புகளில் பயிரிடத் துண்டு நிலமும் தருகிறார்கள். நிலம் சுருங்குகிறது, உதவி குறைகிறது, அதெல்லாம் உண்மை. ஆனால் முகாமில் அடைத்து வேலை செய்யத் தடை போட்டுவிட்டு, சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று அவர்களையே திட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொரு வழியைக் கனடா காட்டியிருக்கிறது. அங்கே சாதாரண மக்கள் ஐந்து பேர் சேர்ந்தாலே ஒரு அகதிக் குடும்பத்துக்குப் பொறுப்பேற்க முடிந்தது (2024 இறுதியில் இந்த ஐவர் குழுக்களின் புதிய விண்ணப்பங்களை அரசு நிறுத்திவைத்தது). ஓராண்டு வாடகை, செலவு, மொழி வகுப்பு, பள்ளிச் சேர்க்கை எல்லாம் அவர்கள் பொறுப்பு. 1979, 80 ஆண்டுகளில் வியட்நாம், கம்போடியா, லாவோஸிலிருந்து வந்த சுமார் 60,000 பேரில் பாதிக்கு மேல் இப்படி வந்தவர்கள். 1986 இல் அகதிகளுக்கு உதவுவோருக்கு ஐ.நா. தரும் நான்சென் விருது கனடா மக்கள் அனைவருக்குமாகக் கொடுக்கப்பட்டது. சிரியாவில் குண்டுவீச்சில் சாக்லேட் ஆலையை இழந்த ஹதாத் குடும்பம் கனடாவின் ஆண்டிகோனிஷ் என்ற சிற்றூருக்கு இப்படித்தான் வந்து, 2016 இல் அங்கே மறுபடி சாக்லேட் செய்ய ஆரம்பித்து, இப்போது ஊர்க்காரர்களுக்கும் வேலை கொடுக்கிறது. ஆனால் ஆலை தொடங்கினால்தான் வரவேற்போம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. வருகிறவர்களில் பலர் களைத்துப்போய், பாதி மனது ஊரிலேயே இருக்க, கிடைத்த வேலையைச் செய்துகொண்டு இருப்பார்கள். அவர்களுக்கும் இடம் வேண்டும்.

கேள்வி: எங்கள் பகுதிக்கு ஒரு அகதிக் குடும்பம் வரப்போகிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: எப்படித் தப்பி வந்தீர்கள் என்று கேட்காதீர்கள், அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். அம்மாவின் நோயை அந்தக் குழந்தை தன் வாயால் சொல்லும்படி ஆகிவிடும், ஆகவே பெரியவர் ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். அவர்கள் முன்பு செய்த வேலை என்ன, அதற்கான சான்றிதழை இங்கே ஏற்பார்களா என்று முதல் வாரத்திலேயே விசாரிக்கத் தொடங்குங்கள், அதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும்.